ஆஃப் ஆனாலும் அடிக்கும்!

பிளக்கைப் பிடுங்கிவிட்டால் எந்த மெஷினும் சாது என்று நம்புபவரா நீங்கள்? மிக்ஸி, கிரைண்டர் வரை சரி. ஹாம் ரேடியோ ஆம்ப்ளிஃபயரிடம் அந்த நம்பிக்கையோடு போனால், மறுநாள் உங்களுக்கு லீவு லெட்டர் எழுத வேறு ஆள் தேட வேண்டும்.

ஹாம் என்றால், பரீட்சை எழுதி, மத்திய சர்க்காரிடம் லைசென்ஸ் வாங்கி, சொந்த ரேடியோவில் ஊர் உலகத்தோடு பேசுகிற ஆசாமி. வெட்டி வேலை என்பாள் என் மனைவி. 2004 டிசம்பர் 26 சுனாமியில் அந்தமானின் டெலிபோன்கள் ஊமையானபோது, போர்ட் பிளேரில் இருந்த பாரதி பிரசாத்தின் ஹாம் குழு காற்று வழியே சேதி அனுப்பியதைச் சொன்னால் மட்டும் காபி கொஞ்சம் சூடாக வரும்.

ரேடியோவின் 100 வாட்டைச் சில நூறாகப் பெருக்குவதுதான் ஆம்ப்ளிஃபயர். என்னுடையது வால்வு ஜாதி. கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கம் என் ஜாகை. ஒரு சனிக்கிழமை ராத்திரி ‘பட்’. ஃபியூஸ் காலி, கருகல் வாசனை. பெரிய ஃபியூஸாகப் போட்டுப் பார்ப்போம் என்று இந்த இடத்தில் எல்லோருக்கும் கை அரிக்கும். அடக்க வேண்டும்.

திருவள்ளூரில் ரிப்பேர் பார்க்கும் அண்ணனுக்குப் போன் போட்டேன்.

“தம்பி, ‘ஓடலை’ங்கிறது நோய் இல்லை. எந்த பேண்ட், மீட்டர் எவ்வளவு காட்டிச்சு, சத்தம் முதல்லயா வாசனை முதல்லயா, எல்லாம் எழுது. அப்புறம் கெபாசிட்டரைக் காலி பண்ணு. ஒவ்வொண்ணா!”

உள்ளே எட்டு கெபாசிட்டர்கள், ரயில் பெட்டி மாதிரி வரிசையாக. ஒவ்வொன்றும் 200 மைக்ரோஃபாரட்; மொத்தத்தில் 3000 வோல்ட். கணக்குப் போட்டால் 112 ஜூல் வருகிறது. தடுமாறும் இதயத்தை நிலைக்குக் கொண்டுவர ஆஸ்பத்திரியில் கொடுக்கும் ஷாக்கே 120 ஜூலில் ஆரம்பிக்கிறது. நல்ல இதயத்துக்கு இது எதற்கு?

ஆஃப் செய்ததும் இந்தச் சரக்கைக் கரைக்க ஒவ்வொரு கெபாசிட்டருக்கும் ஒரு ரெசிஸ்டர் உண்டு. அது செத்துப்போனால் வெளியே தெரியாது. சாதாரண மல்ட்டிமீட்டரும் உதவாது. பெரும்பாலும் 1000 வோல்ட்தான் அதன் எல்லை.

பிளக்கைப் பிடுங்கிக் கண்ணெதிரே வைத்தேன். அரை மணி நேரம் காத்திருந்து மூடியைத் திறந்தேன். பி.வி.சி. குழாயின் நுனியில் உலோகக் கொக்கி. அதிலிருந்து ஒரு கனத்த ரெசிஸ்டர் வழியாக சேஸிக்கு ஒயர். இடது கை பேன்ட் பாக்கெட்டில். (ஸ்டைலுக்கு அல்ல. இரண்டு கையும் உள்ளே போனால் கரண்ட் நெஞ்சு வழியாகப் போகும்.) முதலில் மொத்த வரிசைக்கும் ஒரு தொடல். சத்தமில்லை. பிறகு ஒவ்வொன்றின் இரு முனைகளையும் தனித்தனியாக அதே ரெசிஸ்டரால் இணைத்தேன். ஐந்தாவதில் ‘டப்’பென்று ஒரு பொறி!

வியர்வையைத் துடைத்துக்கொண்டு, செல்போனில் நாலு படம் எடுத்து, ஒயருக்கெல்லாம் பெயர்ச்சீட்டு ஒட்டினேன். டிரான்ஸ்ஃபார்மரைக் கழற்றித் தனிப் பெட்டியில் வைத்தேன். அந்தக் கனம் உள்ளேயே இருந்தால் வழிக் குலுக்கலில் சேஸியைக் கிழித்துவிடும். வால்வு பஞ்சுப் பொதியில். பேசின் பிரிட்ஜில் வண்டி மாறி, திருவள்ளூர் வரை அது என் மடியில்தான். பக்கத்து சீட்காரர், “என்ன சார், அரிக்கேன் சிம்னியா?” என்றார்.

அண்ணன் மூன்றாம் நாள் கூப்பிட்டார். “டயோடு போயிருக்கு, மாத்திடலாம். அஞ்சாவது கெபாசிட்டரோட ரெசிஸ்டரும் அவுட். மொத்தமா ஒரு தடவை தொட்டா அதுல இருக்கறது முழுக்கக் காலியாகாது. தனியாத் தொட்டியோ?”

“தொட்டேண்ணே. பொறி வந்தது.”

“சரி, ஆயிரத்து இருநூறு எடுத்துட்டு வா.”