தானியங்கிக்கும் ஒரு முதலாளி வேண்டும்

நல்லூர்த் திருவிழா 25 நாட்கள். கொடியேற்றத்தன்று வருகின்ற கூட்டம் வேறு, 24 ஆம் நாள் தேருக்கு வருகின்ற கூட்டம் வேறு. யாழ்ப்பாணத்தில் கடை வைத்திருக்கும் எவருக்கும் இதைச் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. தேருக்கு நாலைந்து நாள் இருக்கும்போதே கடையில் இரண்டு பெடியன்களைக் கூடுதலாக நிறுத்துவோம். தீர்த்தம் முடிந்ததும் கணக்குப் பார்த்துச் சம்பளம் கொடுத்து அனுப்புவோம். நோன்புப் பெருநாளுக்கும் தீபாவளிக்கும் இதே கதைதான். எப்போது ஆள் கூட்டுவது, எப்போது குறைப்பது, எத்தனை பேருக்கு மேல் போகக்கூடாது என்பதையெல்லாம் முதலாளிதான் தீர்மானிப்பார். வேறு எவரிடமும் அதை விடமாட்டார்.

ஆனால் நம்மில் பலர் இப்போது இணையத்திலும் கடை திறந்திருக்கிறோம். அங்கே மட்டும் இந்தத் தீர்மானத்தைக் கைவிட்டுவிட்டோம். "அது தானாகக் கூடும், தானாகக் குறையும்" என்று சொன்னார்கள். நாமும் தலையாட்டினோம். அப்படித் தலையாட்டியதற்கு நானும் என் பங்காளிகளும் கொடுத்த விலையைச் சகோதர வியாபாரிகளுக்குச் சொல்லி வைப்பது நல்லது என்று நினைக்கிறேன்.

முதலில் விடயத்தை விளங்கிக்கொள்வோம். அமேசன், கூகுள், மைக்ரோசொப்ட் போன்ற கம்பனிகள் மும்பாய், சென்னை, சிங்கப்பூர் போன்ற நகரங்களில் பிரமாண்டமான கணினிக் களஞ்சியசாலைகளை வைத்திருக்கின்றன. ஒரு பெரிய களஞ்சியசாலையைத் தட்டி போட்டுப் பிரித்துப் பலருக்கு வாடகைக்கு விடுவது போல, ஒரு பெரிய கணினியைப் பல பங்குகளாகப் பிரித்து, ஒவ்வொரு பங்கையும் தனிக் கணினி போல வாடகைக்கு விடுகிறார்கள். இதைத்தான் மெய்நிகர் கணினி என்கிறார்கள். பாவிக்கும் நேரத்துக்கு வாடகை. அமேசன் 2006 இல் இந்த வாடகை முறையை ஆரம்பித்தது. 2009 இல், ஒரே மாதிரியான பல கணினிகளை ஒரு குழுவாக வைத்து, வேலை கூடும்போது தானாகக் கூட்டியும் வேலை குறையும்போது தானாகக் குறைத்தும் கொள்ளும் வசதியைக் கொண்டுவந்தது. இன்று எல்லாக் கம்பனிகளிடமும் இந்த வசதி இருக்கிறது. நல்ல வசதிதான். நான் அதைக் குறை சொல்ல வரவில்லை.

எங்கள் கதைக்கு வருவோம். நாங்கள் ஐந்து வியாபாரிகள் சேர்ந்து ஓர் இணையத்தளம் நடத்துகிறோம். லண்டன், பாரிஸ், ரொரன்டோ போன்ற இடங்களில் இருப்பவர்கள் ஊரிலுள்ள தாய் தகப்பனுக்கும் சகோதரங்களுக்கும் உடுப்பு, பலகாரம், சாப்பாட்டுச் சாமான் என்று பணம் கட்டுவார்கள். நாங்கள் யாழ்ப்பாணத்திலும் புத்தளத்திலும் வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுப்போம். வாடிக்கையாளர்களில் முஸ்லிம்களும் இருக்கிறார்கள், தமிழர்களும் இருக்கிறார்கள். சாதாரண நாட்களில் இரண்டு மெய்நிகர் கணினிகள் போதும். கணினி ஒன்றுக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு டொலர். மாதம் 60 டொலர். இதைத் தாங்கலாம்.

ஒரு மாதம் பில் 222 டொலர் என்று வந்தது. டொலரை 300 ரூபா என்று வைத்தாலும் 66,600 ரூபா. அந்த மாதம் தளத்தால் வந்த இலாபம் முழுவதையும் அது விழுங்கிவிட்டது. தளத்தைக் கவனிக்கும் தம்பியைக் கூப்பிட்டுக் கேட்டேன். அவர் தேடிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஐயா, ஒன்பது நாளா இருபது மெஷின் ஓடியிருக்கு." அந்த ஒன்பது நாளில் வியாபாரம் கூடியதா என்றால் இல்லை. தளம் தளமாகப் போய்ப் படங்களையும் விலைகளையும் அள்ளிக்கொண்டு போகும் ஏதோவொரு மென்பொருள் எங்கள் கடையில் இரவு பகலாக ஏறி இறங்கியிருக்கிறது. தானியங்கிக்கு வாடிக்கையாளன் யார், சும்மா சாமானைக் கிளறிப் பார்ப்பவன் யார் என்று தெரியாது. வேலை கூடுகிறது என்று கண்டது, கணினியைக் கூட்டிக்கொண்டே போனது. உச்ச எண்ணிக்கை 20 என்று ஆரம்பத்திலேயே போடப்பட்டிருந்ததால் இருபதில் நின்றது. ஏன் 20 என்று கேட்டேன். "சும்மா ஒரு நம்பர் போட்டதுதான் ஐயா" என்றார். அந்தத் தம்பியில் பிழையில்லை. எங்கள் கொள்ளளவு எவ்வளவு என்று நாங்கள் அவருக்கு ஒருநாளும் சொன்னதில்லை.

சூடு கண்ட பூனை என்ன செய்யும்? உச்ச எண்ணிக்கையை இரண்டாகக் குறைக்கச் சொன்னேன். அதுவும் நான் விட்ட பிழை. அடுத்த நோன்பு வந்தது. கொழும்பு பெரிய பள்ளிவாசலில் பிறை தீர்மானிக்கப்பட்டு வானொலியில் அறிவித்ததும், வெளிநாட்டிலுள்ள நம்மவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் தொலைபேசியை எடுத்தார்கள். பெருநாள் காலையில் உம்மா வீட்டுக்குச் சாப்பாடும் உடுப்பும் போய்ச் சேர வேண்டும். இரண்டு கணினிகளும் மூச்சுத் திணறிப் பக்கம் திறக்காமல் நின்றன. ரொரன்டோவிலிருந்து ஒருவர் எனக்கே அழைப்பு எடுத்துக் கேட்டார்: "என்ன காக்கா, பெருநாள் இரவில கடையைப் பூட்டிப்போட்டுப் போயிட்டீங்களா?" அந்த வார்த்தை 222 டொலரை விட எனக்கு வலித்தது. பில் கூடினால் பணம் மட்டும்தான் போகும். கடை பூட்டியிருந்தால் வாடிக்கையாளன் போவான்; அவன் உம்மாவுக்குப் பெருநாள் சாப்பாடும் போகாது.

இது நம்மைப் போன்ற சிறியவர்களின் பிரச்சினை மட்டும் என்று நினைக்க வேண்டாம். 2018 ஜூலை 16 இல் அமேசன் தனது வருடாந்த பெரும் விற்பனையை ஆரம்பித்த சிறிது நேரத்திலேயே பலருக்குப் பொருள்களுக்குப் பதிலாக நாய்ப் படம் போட்ட மன்னிப்புப் பக்கம்தான் வந்தது. தேவையான அளவு சேர்வர்கள் ஆயத்தமாக இருக்கவில்லை, கையால் கூட்ட வேண்டியிருந்தது என்று சி.என்.பி.சி. நிறுவனம் பின்னர் செய்தி வெளியிட்டது. இந்த வசதியை உலகத்துக்கு விற்கும் கம்பனிக்கே அந்த நிலை.

மறுபுறம், சரியாகச் செய்தவர்களும் இருக்கிறார்கள். 2019 ஜூலையில் மென்செஸ்டரில் நடந்த உலகக் கிண்ண அரையிறுதியை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். இந்தியாவும் நியூசிலாந்தும் மோதி, மழையால் மறுநாளும் தொடர்ந்த ஆட்டம். அதை இந்தியாவில் இணையத்தில் காட்டியது ஹொட்ஸ்டார் நிறுவனம். டோனி துடுப்பெடுத்தாடிக்கொண்டிருந்தபோது ஒரே நேரத்தில் 2 கோடி 53 இலட்சம் பேர் பார்த்தார்கள். நிமிடத்துக்குப் பத்து இலட்சம் பேர் என்ற வேகத்தில் கூட்டம் ஏறியது. டோனி ஆட்டமிழந்ததும் அத்தனை பேரும் கலைந்தார்கள்.

ஹொட்ஸ்டார் ஓடியது அமேசனின் வாடகைக் கணினிகளில்தான். ஆனால் ஆயத்தமாகக் கிடைக்கும் தானியங்கி முறையை அவர்கள் நம்பியிருக்கவில்லை என்று அவர்களின் பொறியியலாளர்களே பின்னர் பகிரங்கமாக விளக்கினார்கள். காரணம் இரண்டு. ஒன்று, கேட்ட நேரத்தில் கேட்ட அளவு கணினிகள் கிடைக்கும் என்று உத்தரவாதமில்லை. மற்றது, புதிய கணினி எழும்பி வேலைக்கு வரவே ஒரு நிமிடத்துக்கு மேல் போகும். அதற்குள் பத்து இலட்சம் பேர் வாசலில் நிற்பார்கள். ஆகவே பார்வையாளர் எண்ணிக்கையை வைத்துத் தாங்களே கணக்குப் போட்டு, ஆட்டம் தொடங்குவதற்கு முன்னரே கணினிகளை நிறுத்தி, தேவையை விடக் கொஞ்சம் மிச்சமும் வைத்துக்கொண்டார்கள். இன்னொன்றையும் கவனித்தார்கள். விக்கெட் விழுந்ததும் எல்லோரும் ஆட்டத்தை விட்டு முகப்புப் பக்கத்துக்குத் திரும்புவார்கள். அந்த நேரம் அங்கேதான் நெரிசல். கூட்டம் கலையும்போது வாசலில் நெரிபடும் என்பது தேருக்குப் போய் வந்தவர்களுக்குத் தெரியும்.

இதிலிருந்து நான் பெற்ற பாடம் ஒன்றுதான். தானியங்கி எதிர்பாராத சிறு ஏற்ற இறக்கத்துக்கு உதவும். வரப்போகிறது என்று நமக்குத் தெரிந்த கூட்டத்துக்கு நாம்தான் முன்கூட்டி ஆயத்தம் செய்ய வேண்டும். யூஸுப் (அலை) அவர்களின் வரலாறு நம் எல்லோருக்கும் தெரியும். பஞ்சம் வந்த பிறகு அவர்கள் தானியம் தேடவில்லை. ஏழு வருட விளைச்சலில் மிச்சம் பிடித்துக் களஞ்சியத்தை நிரப்பி வைத்தார்கள்.

இப்போது நாங்கள் செய்திருப்பதைச் சொல்கிறேன். கணினி படித்த பிள்ளைகள் இதைவிட நன்றாகச் சொல்வார்கள். நான் வியாபாரியின் கண்ணால் சொல்கிறேன்.

குறைந்த எண்ணிக்கை இரண்டு. ஒன்று பழுதானாலும் கடை திறந்திருக்கும். உச்ச எண்ணிக்கை ஆறு. எவ்வளவு கூட்டம் வந்தாலும் நாளொன்றுக்கு ஆறு டொலருக்கு மேல் இந்தக் கணினிகளுக்குப் போகாது. இந்த ஆறை நாங்கள் ஐவரும் உட்கார்ந்து, ஒரு மாதம் முழுவதும் ஆறும் ஓடினால் தாங்குமா என்று பார்த்துத்தான் போட்டோம்.

எந்த அளவுக்கு வேலை கூடினால் புதிய கணினியைக் கூப்பிடுவது என்று ஓர் எல்லை உண்டு. கூகுளில் நாம் ஒன்றும் சொல்லாவிட்டால் கணினியின் சக்தியில் 60 வீதம் என்று எடுத்துக்கொள்ளும். அதை 95 ஆக்கினால் செலவு குறையுமே என்று நானும் கேட்டேன். பத்து மணித்தியாலமும் ஓய்வில்லாமல் நிற்கும் விற்பனையாளனிடம் பதினோராவது ஆள் வந்தால் என்ன ஆகும்? புதிய ஆள் வந்து சேரும்வரை பழைய ஆட்கள்தான் சமாளிக்க வேண்டும். அந்த இடைவெளிக்குத்தான் மிச்சம் விடுகிறார்கள்.

அடுத்தது காத்திருக்கும் நேரம். புதிய கணினி 60 வினாடியில் ஆயத்தமாகிவிடும் என்பது கூகுளின் சாதாரண கணிப்பு. எங்கள் தளத்தின் படங்களையும் மென்பொருளையும் ஏற்றி எழும்ப நான்கு நிமிடம் பிடிக்கிறது. புதிதாக வந்தவன் உடுப்பு மாற்றிக்கொண்டிருக்கும்போதே, "ஆள் போதவில்லை" என்று தானியங்கி இன்னும் இருவரைக் கூப்பிட்டிருக்கிறது. இப்போது நான்கு நிமிடம் என்று திருத்தியிருக்கிறோம். குறைக்கும்போதும் அவசரம் கூடாது. கூகுள் கடந்த பத்து நிமிடத்தைப் பார்த்துவிட்டே குறைக்கிறது. அனுப்பிய ஆளை ஐந்து நிமிடத்தில் திரும்பக் கூப்பிடுவது கடைக்கும் அழகல்ல, கணினிக்கும் அழகல்ல.

நாட்காட்டிதான் எல்லாவற்றிலும் முக்கியம். குறித்த நாளில் குறித்த நேரத்தில் இத்தனை கணினிகள் நிற்க வேண்டும் என்று முன்கூட்டியே எழுதி வைக்கலாம். தீபாவளிக்குத் திகதி தெரியும். பெருநாளுக்குப் பிறை தெரிய வேண்டும். ஆகவே 29 ஆம் இரவுக்கும் 30 ஆம் இரவுக்கும் ஆறு கணினிகள் என்று போட்டிருக்கிறோம். ஒரு வருடம் ஓர் இரவு வீணாகப் போகலாம். மேலதிகம் நான்கு டொலர், 1,200 ரூபா. இரண்டு பெருநாள் உடுப்பின் இலாபம். இந்தக் கணக்கை எந்தத் தானியங்கியும் போடாது. பிறை பார்ப்பவனுக்குத்தான் தெரியும்.

இரண்டு எச்சரிக்கைகளையும் சொல்லி வைக்கிறேன். பில் இந்த அளவைத் தாண்டினால் அறிவிக்கவும் என்று கம்பனியிடம் சொல்லி வைக்கலாம். ஆனால் அது மின்னஞ்சல் அனுப்புமே தவிரக் கணினியை நிறுத்தாது. பார்ப்பதற்கு ஓர் ஆள் வேண்டும். மற்றது, விற்பனையாளர்களைப் பத்தாக்கினாலும் காசாளர் ஒருவர்தான் என்றால் வரிசை குறையாது. ஓடர்களைப் பதியும் பேரேடு, அதாவது தரவுத்தளம், ஒரே கணினியில் இருந்தால் முன்னால் எத்தனை கணினி கூட்டியும் பயனில்லை. அதைத் தனியாகப் பரிசோதிக்கச் சொல்லுங்கள்.

222 டொலர் பெரிய கம்பனிக்கு ஒன்றுமில்லை. நமக்கு அப்படியல்ல. 1990 ஒக்டோபரில் எல்லாவற்றையும் விட்டுவிட்டு வெளியேறி, வருடங்கள் கழித்து வந்து, சோனகத் தெருவில் இடிந்த சுவரிலிருந்து மீண்டும் தொடங்கியவர்கள் நாம். முதல் சிறியது. பில்லோ டொலரில் வருகிறது. 2022 மார்ச் ஆரம்பத்தில் 200 ரூபா அளவில் இருந்த டொலர் மே மாதத்தில் 360 ரூபா அளவுக்குப் போனதைக் கண்டோம். ஒரு கணினியும் கூடாமலே பில் கூடியது. அப்படியான பில்லில் உச்ச எண்ணிக்கையைப் போடாமல் விடுவது, கையெழுத்திட்ட வெற்றுக் காசோலையை மேசையில் வைத்துவிட்டுத் தொழப் போவதற்குச் சமம். அதுவும் பங்காளிகளின் பணம் என்றால் அது அமானிதம். வீண்விரயத்துக்கும் கணக்கு உண்டு, தயாரில்லாமல் வாடிக்கையாளனைத் திருப்பி அனுப்புவதற்கும் கணக்கு உண்டு.

ஆகவே சகோதரர்களே, உங்கள் தளத்தைக் கவனிக்கும் பிள்ளையை இந்தக் கிழமையே கடைக்குக் கூப்பிடுங்கள். தேநீர் கொடுத்து உட்காரவைத்து இவற்றைக் கேளுங்கள். குறைந்தது எத்தனை, கூடியது எத்தனை? எப்போது கூட்டும், எவ்வளவு நேரம் பொறுக்கும்? நமது பெருநாளும் திருவிழாவும் அதற்குத் தெரியுமா? பதில்களை ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கி, கொள்முதல் புத்தகத்தோடு வையுங்கள். ஒவ்வொரு நோன்புக்கும் முன்னர் எடுத்துப் பாருங்கள்.

கடந்த பெருநாள் இரவு எங்கள் பக்கம் ஒரு தடவையும் நிற்கவில்லை, அல்ஹம்துலில்லாஹ். ரொரன்டோக்காரரும் ஓடர் கொடுத்திருந்தார். காலையில் அவருடைய உம்மா வீட்டுக்கு நானே கொண்டுபோய்க் கொடுத்தேன்.