அடைபடும் சத்தம்
திண்டுக்கல் மலைக்கோட்டைப் படிகளில் பாதி தூரம் ஏறியதும் மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டேன். நெஞ்சடிப்பு காதுக்குள் கேட்டது. டாக்டர் ஸ்டெதாஸ்கோப் வைத்துக் கேட்கும் அந்த ‘லப்-டப்’, இதயம் சுருங்கும் சத்தம் என்றுதான் நெடுநாள் நினைத்திருந்தேன். இல்லை, அது உள்ளே வால்வுகள் அடைபடும் சத்தம். நம் தோட்டத்துக் கிணற்றில் ஃபுட் வால்வு பார்க்கும் அதே வேலைதான்: ஏறிய தண்ணீரை இறங்க விடாது. அதில் ஒரு சருகு சிக்கினால் போதும், குழாயில் நின்ற தண்ணீர் முழுக்க இறங்கிவிடும். குடம் குடமாக ஊற்றித்தான் மறுபடி மோட்டார் போட வேண்டும். இதயத்துக்கு அப்படி ஊற்றிக் கொடுக்க ஆளில்லை. கைப்பிடி அளவுச் சதை, துடிப்புக்கு 70 மில்லி, நிமிடத்துக்கு 5 லிட்டர், நாளைக்கு ஏறத்தாழ 7,000 லிட்டர் என்று தள்ளிக்கொண்டே இருக்கிறது. என்னை நெகிழ வைப்பது இன்னொன்று. உடம்பு முழுக்கப் பாய்ச்சும் இந்தச் சதை, தனக்கு வேண்டிய ரத்தத்தைப் பெரும்பாலும் தளர்ந்திருக்கும் அந்த அரை நொடியில்தான் வாங்கிக்கொள்கிறது. வேகமாக அடிக்கும்போது முதலில் குறைவதும் அந்த அரை நொடிதான். இறங்கி வந்த பெரியவர் ஒருவர், “அவசரமில்ல தம்பி, உக்காந்து போங்க” என்றார். உட்கார்ந்தேன்.