பெயரோ சத்யம்!

தாம்பரம் மின்சார ரயிலில் பங்கு விலை பேசாத பெட்டி இல்லை. பேசட்டும், 2009-ஐ மறந்துவிட்டுப் பேச வேண்டாம் என்கிறோம்.

அவ்வாண்டு ஜனவரி 7-ல், சத்யம் கம்ப்யூட்டர்ஸ் தலைவர் ராமலிங்க ராஜு, கணக்கில் காட்டிய 5,361 கோடி ரொக்கத்தில் 5,040 கோடி பொய் என்று தாமே எழுதிக் கொடுத்தார். திடீர் இடியா? அல்ல! ராஜு குடும்பத்தின் பங்கு ஆண்டுக்காண்டு சுருங்கி வந்தது ஊரறிந்த கணக்கு. 2008 டிசம்பரில், கம்பெனிப் பணத்தைக் கொண்டு தம் பிள்ளைகளின் 'மேட்டாஸ்' நிறுவனங்களையே வாங்கத் துணிந்தார். பங்குதாரர் கொதித்ததும் பின்வாங்கினார். மிஞ்சிய பங்கும் அடகில் கிடந்தது பிறகே வெளிவந்தது.

முதலாளியே கைகழுவும் சரக்கை, சேமநிதிப் பணம் கொடுத்து நாம் வாங்குவானேன்?

அடகை மறைக்கக் கூடாதென்று 2009-ல் செபி விதி செய்தது. மூன்று மாதத்துக்கொருமுறை அந்த விவரம் பங்குச் சந்தைக்கு வருகிறது, காசின்றிப் பார்க்கலாம். பல்லாவரம் வருமுன் படித்து முடித்துவிடலாம்.