பேரு ஒண்ணு... பூட்டு வேற!

எலிக்கும் நமக்கும் என்ன சொந்தம்னு கேட்டா, ‘போடா டேய்’ம்பீங்க. ஆனா ஜீன் கணக்கைப் பிரிச்சுப் பார்த்தா நாம பங்காளிங்க! நம்ம ஜீன்கள்ல பெரும்பாலானதுக்கு எலிகிட்ட ஒரு ஜோடி இருக்கு.

ஜோடியை எப்படித் தேடுறது? மனித ஜீனோட எழுத்து வரிசையை எலியோட மொத்த ஜீன்களோட ஒப்பிடணும். ரொம்ப ஒத்துப்போறதை எடுத்து, அதைத் திருப்பி மனித ஜீன்களோட ஒப்பிடணும். கிளம்பின இடத்துக்கே வந்து சேர்ந்தா, அநேகமா ஜோடி ஓகே. அக்கம்பக்கத்து ஜீன்களும் ரெண்டு பக்கமும் ஒண்ணா இருந்தா இன்னும் ஸ்ட்ராங்!

இப்ப வைரஸுக்கு வருவோம். அது செல்லுக்குள்ள நுழைய ஒரு பூட்டு வேணும். அந்தப் பூட்டுதான் ரிசெப்டார். கொரோனாவுக்கு அது ஏ.சி.இ.2 என்கிற புரதம். எலிக்கும் அதே பேர்ல ஜோடி உண்டு. ரெண்டும் 805 அமினோ அமிலம் நீளம். சுமார் 82 சதவீதம் ஒரே மாதிரி. 82 மார்க்னா டிஸ்டிங்ஷன்தானே?

அங்கதான் ட்விஸ்ட். வைரஸ் கை வைக்கிற முக்கியமான இடங்கள்ல ஒண்ணு 353. அங்க நமக்கு லைசின், எலிக்கு ஹிஸ்டிடின். இப்படிச் சில இடங்கள் மாறினதால, 2020ல பரவின ஆரம்பகால கொரோனாவால சாதாரண லேப் எலிக்குள்ள சரியா நுழைய முடியலை.

அதனால என்னங்கிறீங்களா? நோயே வராத எலியில தடுப்பூசியைச் சோதிச்சா, ‘எல்லா எலியும் பொழைச்சிருச்சு, சூப்பர்’னு ரிசல்ட் வரும். அதை நம்பி காரங்காட்டுல இருக்கிற ஒரு அப்பத்தா கையில ஊசி போட முடியுமா? அதான் கோவாக்சின் நிஜமாவே நோயைத் தடுக்குதான்னு வெள்ளெலிகள்லயும் 20 ரீசஸ் குரங்குகள்லயும் பார்த்தாங்க. இன்னொரு வழி, மனிதப் பூட்டையே எலிக்குள்ள பொருத்துறது. பழைய சார்ஸுக்காக 2007ல அயோவா பல்கலைக்கழகத்துல உருவாக்கின எலிகள், 2020ல உலகம் முழுக்கக் கை கொடுத்துச்சு.

போலியோவுலயும் இதே கதைதான். 1989ல ரிசெப்டாரைக் கண்டுபிடிச்சாங்க. எலியோட ஜோடி அந்த வைரஸைச் சேர்க்கலை. 1990ல மனித ஜீன் வச்ச எலி வந்துச்சு. அப்புறம் சொட்டு மருந்தோட பாதுகாப்பைச் சோதிக்கிறதுல குரங்குக்குப் பதிலா அந்த எலிகளையும் ஏத்துக்கிட்டாங்க.

இன்னொண்ணும் உண்டு. எலியோட பூட்டு மாறாமலே, கொரோனா தன் சாவியை மாத்திக்கிச்சு! 501வது இடத்துல ஒரே ஒரு மாற்றம். அது இருந்த பீட்டா மாதிரி ரகங்கள் சாதாரண எலிக்குள்ளயும் நுழைஞ்சது. நேத்து சரியா இருந்த பதில் இன்னிக்கு செல்லாது பாஸ்!

ஜீன் வரிசைகள் எல்லாம் ‘என்செம்பிள்’ தளத்துல ஃப்ரீ. லேப்டாப்பும் நெட்டும் இருந்தா காரங்காட்டுத் திண்ணையில உட்கார்ந்தே தேடலாம். ஆனா ‘ஜோடி இருக்கு’ன்னு பட்டியல் சொன்னதும் மூடி வச்சிடாதீங்க. வைரஸ் தொடுற இடத்துல எந்த எழுத்து இருக்குன்னு பாருங்க. விஷயமே அங்கதான்!