சுமையைப் பிரிக்கலாம், தெரிந்ததைப் பிரிக்கக் கூடாது

ஓய்வு பெற்ற தம்பதிகளைப் பற்றி எனக்கு ஒரு கருத்து உண்டு. சொன்னால் சிலருக்குப் பிடிக்காது. ஒரு வீட்டில் இரண்டு பேர் இருந்தால், அந்த வீட்டு வேலை ஒவ்வொன்றும் இரண்டு பேருக்கும் தெரிந்திருக்க வேண்டும். யார் செய்கிறார் என்பது அவரவர் வசதி. ஆனால் தெரியாது என்று ஒருவரும் சொல்லக்கூடாது.

இதில் என்ன பெரிய விஷயம் என்று கேட்பீர்கள். அமெரிக்காவில் ஒரு பாலைவனத்திலும் ஒரு மலையிலும் என் மனைவியும் நானும் முதுகில் மூட்டையைச் சுமந்து நடந்தபோது இந்தக் கருத்து எனக்கு உறுதிப்பட்டது. அந்தக் கதையைச் சொன்னால் நான் சொல்ல வருவது விளங்கும்.

பசிபிக் கிரெஸ்ட் டிரெயில் என்று ஒரு நடைபாதை இருக்கிறது. மெக்சிகோ எல்லையில் காம்போ என்ற சிற்றூருக்குப் பக்கத்தில் தொடங்கி கலிபோர்னியா, ஒரிகன், வாஷிங்டன் என்று மூன்று மாநிலங்களைக் கடந்து கனடா எல்லையில் முடிகிறது. நீளம் 2,650 மைல். நம் கணக்கில் சுமார் 4,265 கிலோமீட்டர். 1968இல் அமெரிக்க அரசு இதைத் தேசிய நடைபாதையாக அறிவித்தது. முதல் 700 மைல் பெரும்பாலும் வறண்ட பூமி. அதற்குப் பிறகு சியரா நெவாடா மலைத்தொடர். முழுவதையும் ஒரே மூச்சில் நடக்கிறவர்களுக்கு ஐந்து மாதம் பிடிக்கும். அவர்கள் பெரும்பாலும் இளைஞர்கள்.

நாங்கள் இளைஞர்கள் இல்லை. எனக்கு அப்போது 63, அவளுக்கு 60. நான் மின்வாரியத்தில் 34 வருடம் வேலை பார்த்தவன். அவள் பள்ளியில் கணக்கு டீச்சர். இருவருக்கும் நடக்கிற பழக்கம் உண்டு. பழனிக்கு ஒன்பது தடவை பாதயாத்திரை போயிருக்கிறோம். மகன் சான் டியேகோவில் இருக்கிறான். ஆறு மாதம் அங்கே தங்கப் போனவர்கள், வீட்டுக்குள் உட்கார்ந்து ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருக்க மனமில்லாமல் இந்தப் பாதையில் இரண்டு துண்டுகளைத் தேர்ந்தெடுத்தோம். ஏப்ரலில் காம்போவிலிருந்து வார்னர் ஸ்பிரிங்ஸ் வரை சுமார் 110 மைல் பாலைவனம். ஆகஸ்டில் சியராவில் ஒரு வாரம்.

பாதயாத்திரைக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் ஒன்று உண்டு. பழனிக்குப் போகும் வழியெல்லாம் தண்ணீர்ப் பந்தல், நீர்மோர், சுக்குக் காபி, அன்னதானம். கையை வீசிக்கொண்டு போகலாம். இங்கே குடிக்கிற தண்ணீர் முதல் படுக்கிற கூடாரம் வரை அத்தனையும் நம் முதுகில். தண்ணீர் ஒரு லிட்டர் ஒரு கிலோ. அதில் சலுகையே கிடையாது.

புறப்படுவதற்கு முன் மகன் ஒரு பட்டியல் போட்டான். தம்பதியாகப் போனால் கூடாரம் ஒன்று போதும், அடுப்பு ஒன்று போதும், தண்ணீர் வடிகட்டி ஒன்று போதும், எடை குறையும் என்றான். சரியான யோசனைதான். ஆனால் என் மனைவி ஒரு கேள்வி கேட்டாள்.

“ஏங்க, வழியில நீங்க ஒரு பக்கம் நான் ஒரு பக்கம் ஆயிட்டா? கூடாரத்தை வச்சுக்கிட்டு நீங்க தண்ணியில்லாம உக்காந்திருப்பீங்க. அடுப்பை வச்சுக்கிட்டு நான் குளிர்ல உக்காந்திருப்பேன்.”

கணக்கு டீச்சர் அல்லவா! அதனால் ஒரு விதி வைத்துக்கொண்டோம். கூடாரம், அடுப்பு மாதிரியான பெரிய சாமான்கள் பொது. ஆனால் தண்ணீர், ஒரு நாள் சாப்பாடு, வரைபடம், டார்ச், விசில், மழைக்கோட்டு, தண்ணீரைச் சுத்தம் செய்யும் மாத்திரை இவையெல்லாம் ஆளுக்கு ஒன்று. இரண்டாவது விதி, எல்லா வேலையையும் இருவரும் செய்யத் தெரிந்திருக்க வேண்டும். மகன் வீட்டுப் புல்தரையில் அவள் தனியாகக் கூடாரம் அடித்துப் பழகினாள். நான் அந்தச் சின்ன காஸ் அடுப்பில் ரசம் வைத்துப் பழகினேன். போன் வரைபடத்தையும் காகித வரைபடத்தையும் ஒருநாள் அவள், ஒருநாள் நான் என்று முறை வைத்துப் பார்த்தோம்.

பாலைவனம் என்றதும் மணல்மேடும் ஒட்டகமும் என்று நினைக்காதீர்கள். இது கல்லும் புதரும் கள்ளியும் நிறைந்த குன்றுப் பூமி. சோயா என்று ஒரு கள்ளி உண்டு. பார்க்கப் பஞ்சு போல இருக்கும், பட்டால் முள் சதையோடு ஒட்டிக்கொள்ளும். பகலில் வெயில் கொளுத்தும். நான்காவது நாள் மவுண்ட் லகூனா என்ற இடத்தில் 6,000 அடி உயரத்துக்கு ஏறினால் பைன் மரக்காடு, பல் கிட்டுகிற குளிர். அங்கே ஒருநாள் ஓய்வெடுத்தோம். நாங்கள் இருவரும் குடை பிடித்துக்கொண்டு நடந்தோம். நம்மூர்க்காரர்கள்தான் குடை பிடிப்பார்கள் என்று நினைத்தேன். பார்த்தால் பல வெள்ளைக்கார இளைஞர்களும் வெள்ளி நிறக் குடையைப் பையில் செருகிக்கொண்டு வருகிறார்கள்.

சாப்பாட்டுக்கு அவல் கைகொடுத்தது. அடுப்பே வேண்டாம். புளிக்காய்ச்சலைக் கொஞ்சம் தண்ணீரில் கரைத்து அவலைப் போட்டு மூடி வைத்தால் அரைமணியில் புளி அவல் தயார். எரிபொருளும் மிச்சம், பாத்திரம் கழுவும் தண்ணீரும் மிச்சம்.

இந்தப் பகுதியில் எல்லோரும் பயப்படுகிற இடம் சிஸர்ஸ் கிராஸிங். இரண்டு நெடுஞ்சாலைகள் சந்திக்கும் இடம். அங்கிருந்து சான் பெலிப்பே குன்றுகளில் ஏறினால் பாரல் ஸ்பிரிங் என்ற ஊற்று வரை சுமார் 24 மைலுக்கு இயற்கையாகத் தண்ணீர் கிடையாது. நிழலும் கிடையாது. நடுவில் ஓரிடத்தில் தொண்டர்கள் தண்ணீர்ப் பாட்டில்களைக் கொண்டுவந்து அடுக்கி வைப்பார்கள். புண்ணியவான்கள். ஆனால் அதை நம்பிப் போகாதே என்பதுதான் அந்தப் பாதையில் நடக்கிற எல்லோரும் சொல்லும் புத்திமதி. முன்னால் போனவர்கள் தீர்த்திருந்தால் என்ன செய்வது? நாங்கள் ஆளுக்கு ஆறு லிட்டர் சுமந்தோம். ஆறு கிலோ தண்ணீரோடு வெயிலில் மேடு ஏறுவது என்றால் என்ன என்று தோள்பட்டைக்குத்தான் தெரியும்.

அந்தக் குன்றில்தான் அந்த அம்மாவைப் பார்த்தோம். ஐம்பது ஐம்பத்தைந்து வயது இருக்கும். ஒரு பாறை நிழலில், நிழல் என்று சொல்ல முடியாது, ஒரு முழ இருட்டில், ஒடுங்கி உட்கார்ந்திருந்தார். கணவர் வேகமாக நடப்பவர். முன்னால் போய்விட்டார். கூடாரம் அவரிடம், வரைபடம் உள்ள போன் அவரிடம், மிச்சத் தண்ணீரும் அவரிடம். இந்த அம்மாவிடம் அடுப்பும் சாப்பாடும். இரண்டு மணி நேரமாகக் காத்திருக்கிறார். எவ்வளவு தூரம் வந்திருக்கிறோம், தண்ணீர் வைத்திருக்கும் இடம் எத்தனை மைலில் இருக்கிறது, எதுவும் அவருக்குத் தெரியவில்லை. “அவர்தான் எல்லாம் பார்த்துக்கொள்வார்” என்றார். இந்த வாக்கியத்தைத் தமிழில் எத்தனை தடவை கேட்டிருக்கிறேன்! ஆங்கிலத்திலும் அதே தொனி.

எங்கள் தண்ணீரில் ஒரு லிட்டர் கொடுத்தோம். கூடவே நடத்திக் கூட்டிப்போனோம். ஒரு மணி நேரம் கழித்து எதிரே அவர் கணவர் ஓட்டமும் நடையுமாகத் திரும்பி வந்தார். முகம் வெளிறிப் போயிருந்தது. கெட்ட மனிதர் இல்லை. பாரத்தையெல்லாம் தானே சுமந்து மனைவிக்கு உதவுகிறோம் என்று நினைத்த நல்ல மனிதர். அவர் அன்பாகச் செய்த காரியம்தான் அந்த அம்மாவை ஒரு லிட்டர் தண்ணீருக்கு அந்நியரைப் பார்க்க வைத்தது.

மறுநாள் சாயங்காலம் பாரல் ஸ்பிரிங் தண்ணீரைக் கண்டோம். அடுத்த நாள் கழுகு இறக்கை விரித்தது போல நிற்கும் ஈகிள் ராக் பாறை. அங்கிருந்து வார்னர் ஸ்பிரிங்ஸ் மூன்று மைல். மொத்தம் பதினோரு நாள்.

ஆகஸ்டில் சியராவுக்குப் போனோம். வனத்துறையிடம் தேதி குறித்து அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். கரடி இருப்பதால் சாப்பாட்டையெல்லாம் கரடிக்குத் திறக்க வராத ஒரு கெட்டி டப்பாவில் வைத்துத் தூக்க வேண்டும். காட்டன்வுட் கணவாய் வழியாகப் பாதையில் சேர்ந்து, அந்த முழுப் பாதையிலேயே மிக உயரமான ஃபாரஸ்டர் கணவாயைக் கடப்பது எங்கள் திட்டம். அதன் உயரம் 13,153 அடி. நம் தொட்டபெட்டா 8,600 அடி சொச்சம் என்பதை நினைவில் வைத்துக்கொண்டால் உயரம் புரியும்.

முதல் இரவு உடம்பு பழகட்டும் என்று ஹார்ஸ்ஷூ மெடோஸில், சுமார் 10,000 அடியில், தங்கினோம். மறுநாள் கணவாய் ஏறி சிக்கன் ஸ்பிரிங் ஏரிக்கரையில் கூடாரம் அடித்தோம். அது 11,000 அடிக்கு மேல். அன்று இரவு எனக்குத் தலைவலி ஆரம்பித்தது. பிறகு வாந்தி. விடியும்போது நேராக நிற்க முடியவில்லை. உயரத்தில் ஆக்சிஜன் குறைவதால் வருவது இது. யாருக்கு வரும், யாருக்கு வராது என்று வயதையோ பலத்தையோ வைத்துச் சொல்ல முடியாது. முற்றினால் மூளையிலோ நுரையீரலிலோ நீர் கோத்து உயிருக்கே ஆபத்து. மருந்துகள் உண்டு என்றாலும் முதல் மருந்து கீழே இறங்குவதுதான்.

நான் இன்னும் கொஞ்ச நேரம் பார்க்கலாம் என்றேன். அவள் பதிலே சொல்லாமல் கூடாரத்தைப் பிரித்தாள். என் பையிலிருந்த கனமான சாமான்களைத் தன் பைக்கு மாற்றினாள். வரைபடத்தைப் பார்த்தாள்.

“நாலு மைல்தான். கணவாய் வரைக்கும் கொஞ்ச தூரம், அப்புறம் முழுக்க இறக்கம். எழுந்திருங்க, இறங்கிடலாம்.”

அவள் முன்னால், நான் பின்னால். எனக்குப் பாதை சரியாகக் கண்ணில் படவில்லை. கிளைபிரியும் இடங்களில் அவள் நின்று பார்த்து, சரிபார்த்துத் திரும்பினாள். கால்மணிக்கு ஒரு தடவை தண்ணீர் கொடுத்தாள். கீழே வாகனம் நிறுத்தும் இடத்தில் ஒரு குடும்பம் எங்களை லோன் பைன் ஊர் வரை காரில் ஏற்றிக்கொண்டது. அது 3,700 அடி. போய்ச் சேருவதற்குள் பாதித் தலைவலி போய்விட்டது. ராத்திரி தோசை கிடைக்குமா என்று கேட்டேனாம். அவள் இன்றும் சொல்லிச் சிரிக்கிறாள்.

ஃபாரஸ்டர் கணவாயை நாங்கள் பார்க்கவில்லை. அதில் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. ஆனால் ஒன்றை நினைத்துப் பார்க்கிறேன். அவளுக்கு வரைபடம் பார்க்கத் தெரியாமல், கூடாரம் பிரிக்கத் தெரியாமல், “அவர்தான் எல்லாம் பார்த்துக்கொள்வார்” என்று இருந்திருந்தால் அந்தக் காலையில் என்ன ஆகியிருக்கும்?

இனி ஊருக்கு வருவோம்.

எங்கள் தெருவில் ஒருவர் தவறிப்போனார். காரியம் முடிந்த மறுவாரம் அந்த அம்மா என் மனைவியிடம் ஒரு பை நிறையக் காகிதத்தைக் கொண்டுவந்தார். எந்த வங்கியில் எவ்வளவு டெபாசிட், லாக்கர் எங்கே, சாவி எங்கே, ஒன்றும் தெரியவில்லை. போனைத் திறக்கும் எண் தெரியாது. ஓடிபி எல்லாம் அந்தப் போனுக்குத்தான் வரும். இரண்டு டெபாசிட் அவர் ஒருவர் பெயரில், நாமினி போடாமல். வாரிசுச் சான்றிதழுக்கு அந்த அம்மா தாலுகா ஆபீஸ் படி ஏறி இறங்கியதை நான் பார்த்தேன். அடுத்த தெருவில் நேர்மாறு. மனைவியை இழந்தவருக்கு சிலிண்டர் ரெகுலேட்டரை மாற்றத் தெரியாது. தனக்கு இரவில் எந்த மாத்திரை, காலையில் எந்த மாத்திரை என்பதே தெரியாது. நாற்பது வருடம் கையில் கொடுத்ததை விழுங்கியவர். ஆறு மாதத்தில் பாதியாக இளைத்துவிட்டார்.

வேலையைப் பிரித்துக்கொண்டால்தானே குடும்பம் ஓடும், இரண்டு பேரும் எல்லாவற்றையும் செய்தால் நேரம் வீண்தானே என்று என் நண்பர் ஒருவர் வாதாடினார். நியாயமான கேள்வி. நானும் பிரிக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. கூடாரத்தை இருவரும் ஆளுக்கொன்று தூக்கினால் முட்டாள்தனம். ஆனால் கூடாரத்தை அடிக்கத் தெரிவதற்கு எடை கிடையாதே! அதை இருவரும் சுமக்கலாம்.

இன்னொருவர், “இந்த வயசில் சாவைப் பற்றிப் பேசி அவளை ஏன் பயமுறுத்த வேண்டும்?” என்றார். பாலைவனத்தில் ஆறு லிட்டர் தண்ணீர் தூக்குவது சாவைப் பற்றிப் பேசுவதா? வழி நீளம் என்று தெரிந்து தயாராவதுதான்.

எங்கள் வீட்டில் இப்போது நடப்பதைச் சொல்கிறேன். மாதத்தில் ஒரு வாரம் வேலைகளை மாற்றிக்கொள்கிறோம். அந்த வாரம் பென்ஷன் கணக்கு, மின்கட்டணம், வரி, வங்கிப் பரிமாற்றம் எல்லாம் அவள். சமையல், மாத்திரை டப்பா, பால் கணக்கு, காஸ் பதிவு எல்லாம் நான். டெபாசிட்கள் அனைத்தும் இருவர் பெயரில், ‘எய்தர் ஆர் சர்வைவர்’ முறையில். நாமினி தனியாகப் பதிந்தாயிற்று. ஒரு நோட்டுப் புத்தகத்தில் எது எங்கே இருக்கிறது என்று இருவர் கையெழுத்திலும் எழுதி வைத்திருக்கிறோம். என் சாம்பாரில் இன்னும் புளி தூக்கல்தான். அவள் ஒரு தடவை வங்கி ஆப்பில் கடவுச்சொல்லை மூன்று தடவை தப்பாகப் போட்டுப் பூட்டிவிட்டாள். அதனால் என்ன, நான் பக்கத்தில் இருக்கும்போதே பூட்டினாள், சரிசெய்யவும் கற்றுக்கொண்டாள்.

பத்து வருடமோ இருபது வருடமோ, ஒருநாள் எங்களில் ஒருவர் முன்னால் போகத்தான் போகிறோம். அன்று பின்னால் வருகிறவர் கையில் தண்ணீரும் வரைபடமும் இருக்க வேண்டும்.

உங்கள் வீட்டில் இந்த மாதம் மின்கட்டணத்தை யார் கட்டப் போகிறீர்கள்? அடுத்த தடவை மற்றவர் கட்டட்டும்.