மோட்டார் ஓட்டிகளும் போலீசாரும்

மோட்டார் ஓட்டுகிறவன் என்றால் பணக்காரன் என்று அர்த்தமாயிருந்த காலம் ஒன்று உண்டு. ஜமீன்தாரும் வெள்ளைக்கார உத்தியோகஸ்தரும் பெரிய வக்கீலும்தான் அன்று மோட்டாரில் போனார்கள். மற்றவர்கள் அது கிளப்பிய புழுதியில் நடந்தார்கள். இன்றைய நிலை அப்படியல்ல. விடியற்காலையில் மீன் கூடையை வண்டியில் கட்டிக்கொண்டு போகிற அம்மாளும், கட்டட வேலைக்குப் போகிற கொத்தனாரும், வீடு வீடாய்ச் சாப்பாட்டுப் பொட்டலம் கொண்டுபோய்க் கொடுக்கிற வாலிபனும், ஆட்டோக்காரரும், லாரி டிரைவரும் மோட்டார் ஓட்டிகளே ஆவார்கள். ஆகவே மோட்டார் சட்டம் என்பது இன்று பெரும்பாலும் உழைத்துப் பிழைக்கும் மக்களைப் பற்றிய சட்டமேயாகும். அதனாலேயே இதைப்பற்றிச் சிறிது விவரமாக எழுத வேண்டியிருக்கிறது.

இம்மக்கள் டீக்கடையிலும் ஆட்டோ நிற்குமிடத்திலும் ஒருவரையொருவர் ஓயாமல் கேட்டுக்கொள்ளும் கேள்விகள் சில உண்டு. சாதாரணப் போலீஸ்காரர் லைசென்ஸ் கேட்கலாமா? கேட்டு வாங்கிக்கொண்டு போய்விட்டால் என்ன செய்வது? வண்டிச் சாவியைப் பிடுங்கலாமா? செல்போனில் காட்டினால் போதாதா? அபராதத்தை அங்கேயே கட்டித்தான் தீரவேண்டுமா? லைசென்ஸை ரத்து செய்துவிடுவேன் என்கிறாரே, அவருக்கு அந்த அதிகாரம் உண்டா? இப்படிப் பல.

இக்கேள்விகளை யாரிடம் கேட்கவேண்டுமோ அவரிடம் மாத்திரம் யாரும் கேட்பதில்லை. காரணம் பயம், பயத்திற்குக் காரணம் அறியாமை. புரோகிதன் சொல்லும் மந்திரத்திற்கு அர்த்தம் தெரியாதவன் எப்படிக் கேட்ட தட்சணையைக் கொடுத்துவிட்டுக் கும்பிட்டுப் போகிறானோ, அப்படியே பிரிவு நம்பரின் அர்த்தம் தெரியாத மோட்டார் ஓட்டியும் கேட்ட பணத்தைக் கொடுத்துவிட்டு, “விட்டாரே, அதுவே போதும்” என்று கும்பிட்டுப் போகிறான். மந்திரம் சமஸ்கிருதத்தில் இருப்பதும் சட்டம் இங்கிலீஷில் இருப்பதும் பாமரனைப் பொறுத்தவரை ஒன்றேதான். ஆகையால் முதலில் சட்டம் என்ன சொல்லுகிறது என்பதைப் பார்ப்போம்.

இப்போது நடப்பிலிருப்பது 1988ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டம். இதற்கு முன்னால் 1914லும் 1939லும் செய்யப்பட்ட சட்டங்கள் இருந்தன. 2019இல் பெரிய திருத்தம் செய்து, அந்த வருஷம் செப்டம்பர் 1ந் தேதி முதல் அபராதங்களை மிகவும் உயர்த்தினார்கள். 100 ரூபாயாக இருந்த ஹெல்மெட் அபராதம் 1,000 ரூபாயாயிற்று. லைசென்ஸ் இல்லாமல் ஓட்டுவதற்கு 500 ரூபாய் வரை இருந்தது 5,000 ரூபாயாயிற்று. குடித்துவிட்டு ஓட்டினால் முதல் தடவைக்கே 10,000 ரூபாய் அபராதமோ, 6 மாதம் வரை சிறையோ, இரண்டுமோ என்றாயிற்று.

இனிக் கேள்விகளுக்கு வருவோம்.

முதலாவது, லைசென்ஸைக் காட்டு என்று யார் கேட்கலாம்? உடுப்பு அணிந்திருக்கும் எந்தப் போலீஸ் அதிகாரியும் கேட்கலாம் என்று 130ஆவது பிரிவு கூறுகிறது. ஆகவே “நீ வெறும் கான்ஸ்டேபிள்தானே” என்று சண்டைக்குப் போவது சட்டம் தெரியாத வீம்பேயாகும். நிறுத்தினால் நிற்கவேண்டும், கேட்டால் காட்டவேண்டும். ஆனால் காட்டுவது வேறு, பறிகொடுப்பது வேறு.

இரண்டாவது, கையில் அசல் இருக்கவேண்டுமா? 2017இல் தமிழ்நாட்டில் அசல் லைசென்ஸையே வைத்திருக்கவேண்டும் என்று உத்தரவு பிறந்து பெருங்கூச்சல் கிளம்பியது பலருக்கு ஞாபகமிருக்கலாம். 2018 நவம்பரில் மத்திய மோட்டார் விதிகளில் 139ஆவது விதி திருத்தப்பட்டு, சர்க்காரின் டிஜிலாக்கர் முதலியவை மூலம் செல்போனில் காட்டப்படும் லைசென்சும் ஆர்.சி.யும் இன்ஷூரன்சும் செல்லும் என்றாகிவிட்டது. சும்மா போட்டோ எடுத்து வைத்துக்கொண்டு அதைக் காட்டுவது இதில் சேராது என்பதையும் நம் தோழர்கள் கவனிக்கவேண்டும்.

மூன்றாவது, லைசென்ஸை வாங்கி வைத்துக்கொள்ளலாமா? 206ஆவது பிரிவின்படி, அது போலி என்று நம்பக் காரணமிருந்தாலும், குற்றஞ்சாட்டப்பட்டவர் சம்மனுக்கு அகப்படாமல் போய்விடுவார் என்று நம்பக் காரணமிருந்தாலும் எடுத்துக்கொள்ளலாம். சம்மனுக்கு அகப்படமாட்டார் என்று எடுத்தால் அதைக் கோர்ட்டுக்கு அனுப்பவேண்டும். ஓட்டுகிறவருக்கு ஓர் அத்தாட்சிச் சீட்டும் கொடுத்தாக வேண்டும். லைசென்ஸ் திரும்ப வரும்வரை அந்தச் சீட்டை வைத்துக்கொண்டே வண்டி ஓட்டலாம். சீட்டுக் கொடுக்காமல் லைசென்ஸை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொள்ளுவதற்குச் சட்டத்தில் இடமே இல்லை. அதுபோலவே, வண்டியை நிறுத்தி வைப்பதற்கு 207ஆவது பிரிவில் சில காரணங்கள் சொல்லப்பட்டிருக்கின்றனவே தவிர, ஓடுகிற வண்டியின் சாவியைப் பாய்ந்து பிடுங்கு என்று சொல்லுகிற பிரிவு ஒன்றும் அச்சட்டத்தில் கிடையாது.

நான்காவது, அங்கேயே பணம் கட்டவேண்டுமா? 200ஆவது பிரிவில் சொல்லப்படுவது சமரசம். குற்றத்தை ஒப்புக்கொண்டு, குறிப்பிட்ட தொகையைக் கட்டி முடித்துக்கொள்ளலாம் என்பதே அதன் கருத்து. சமரசம் என்பது இரண்டு பேர் சம்மதத்தில் நடப்பது. “நான் குற்றம் செய்யவில்லை, கோர்ட்டில் சொல்லிக்கொள்ளுகிறேன்” என்று கூற எந்த மோட்டார் ஓட்டிக்கும் உரிமையுண்டு. கட்டுவதானால் ரசீது பெறவேண்டும். ரசீது இல்லாமல் கொடுக்கும் பணத்திற்கு அபராதம் என்ற பெயர் பொருந்தாது. அதற்கு உள்ள பெயர் லஞ்சம் என்பதேயாகும்.

ஐந்தாவது, போலீசார் லைசென்ஸை ரத்து செய்யலாமா? செய்ய முடியாது. அந்த அதிகாரம் 19ஆவது பிரிவின்படி லைசென்ஸ் கொடுக்கும் அதிகாரிக்கு, அதாவது ஆர்.டி.ஓ. ஆபீசுக்கே உரியது. அவரும் சம்பந்தப்பட்டவரின் சமாதானத்தைக் கேட்ட பிறகே உத்தரவு போடவேண்டும். அந்த உத்தரவின்மேல் 30 நாளைக்குள் அப்பீல் செய்துகொள்ளலாம்.

நிற்க, இங்கேதான் நாம் முக்கியமாய்க் கவனிக்க வேண்டிய ஓர் அநீதி இருக்கிறது. 2019ஆம் வருஷத் திருத்தத்தில் 206ஆவது பிரிவோடு ஒரு புது உட்பிரிவைச் சேர்த்தார்கள். அதிவேகம், அபாயகரமாய் ஓட்டுதல், குடித்துவிட்டு ஓட்டுதல், ஆம்புலன்சுக்கு வழிவிடாமை, ஹெல்மெட் இல்லாமை முதலிய குற்றங்கள் நடந்ததாக நம்பினால் லைசென்ஸை எடுத்து ஆர்.டி.ஓ.வுக்கு அனுப்பவேண்டும் என்பது அது. இதற்கும் சீட்டுக் கொடுப்பார்கள். ஆனால் இந்தச் சீட்டை வைத்துக்கொண்டு வண்டி ஓட்டக்கூடாது! அதாவது விசாரணை நடப்பதற்கு முன்னமே தண்டனை ஆரம்பமாகிவிடுகிறது.

யோசித்துப் பாருங்கள். சொந்தக் காரில் போகும் முதலாளிக்கு லைசென்ஸ் போனால் சம்பளத்திற்கு ஒரு டிரைவரை அமர்த்திக்கொண்டு பின்ஸீட்டில் உட்காருவார். ஆட்டோ ஓட்டுகிறவருக்கு லைசென்ஸ் போனால் அன்று சாயங்காலமே அடுப்பு அணைந்துவிடும். ஒரே குற்றம், ஒரே பிரிவு. ஒருவருக்கு அது அசௌகரியம், மற்றொருவருக்கு அது பட்டினி. குடித்துவிட்டுப் பிறர் உயிருக்கு எமனாய் வருகிறவனை அந்த நிமிஷமே தடுப்பதில் யாருக்கும் ஆட்சேபணை இருக்க முடியாது. ஆனால் எல்லாக் குற்றத்தையும் ஒரே மூட்டையாய்க் கட்டி, விசாரணைக்கு இத்தனை நாள் என்ற கெடுவும் வைக்காமல் பிழைப்பை நிறுத்துவது நியாயமாகாது. எடுத்த லைசென்ஸைப்பற்றி ஒரு வாரத்திற்குள் விசாரித்து முடிவு சொல்லவேண்டும், தவறினால் திருப்பிக் கொடுத்துவிடவேண்டும் என்று சட்டம் செய்தால் என்ன கெட்டுப்போய்விடும்?

இனிப் போலீசாரின் நடத்தையைப்பற்றிக் கூறுவோம். 2018 ஜனவரியில் சென்னையில் சீட் பெல்ட் போடவில்லை என்று நிறுத்தப்பட்ட வாடகைக் கார் டிரைவர் ஒருவர், போலீசார் தம்மை அவமானப்படுத்தினார்கள் என்று மனம் உடைந்து, அந்த ரோட்டிலேயே தீவைத்துக்கொண்டு மாண்டார். அதே வருஷம் மார்ச்சு மாதத்தில் திருச்சிக்குப் பக்கத்திலுள்ள துவாக்குடியில் ஹெல்மெட் சோதனைக்கு நிற்காமல் போன தம்பதிகளை ஓர் இன்ஸ்பெக்டர் துரத்திக்கொண்டுபோய் வண்டியை உதைத்ததாகவும், அதனால் விழுந்து மனைவி இறந்ததாகவும் குற்றஞ்சாட்டப்பட்டு, அந்த இன்ஸ்பெக்டர் கைது செய்யப்பட்டார். ஹெல்மெட்டும் சீட் பெல்ட்டும் எதற்காக ஏற்பட்டன? உயிரைக் காப்பாற்றுவதற்காக. அந்தச் சட்டத்தை நடத்துகிற முறையினாலேயே உயிர் போகுமானால், அதைவிட மானக்கேடான காரியம் ஒரு சர்க்காருக்கு வேறு என்ன இருக்க முடியும்?

அபராதம் போடுகிற அதிகாரத்தைச் சட்டம் கொடுத்திருக்கிறது. “வாடா, போடா” என்று பேசுகிற அதிகாரத்தை எந்தப் பிரிவும் கொடுக்கவில்லை. காரில் வருகிறவரை “சார்” என்றும், ஆட்டோவில் வருகிறவரை “டேய்” என்றும் கூப்பிடுகிற நாக்கு சட்டத்தைப் பார்த்துப் பேசுவதல்ல. சட்டையைப் பார்த்துப் பேசுவதாகும். இது நேற்று வந்த வியாதியல்ல. வரி வசூலுக்காகக் குடியானவர்களைச் சித்திரவதை செய்தார்கள் என்பதைச் சென்னை மாகாணத்தில் ஒரு கமிஷன் விசாரித்து 1855இல் அறிக்கை கொடுத்தது. பிறகே 1859இல் இம்மாகாணத்திற்கென்று ஜில்லா போலீஸ் சட்டம் ஏற்பட்டது. அந்நிய ஆட்சிக்கு அடங்கி நடக்கும்படி ஜனங்களை மிரட்டி வைப்பதற்கு ஏற்பட்ட பழக்கம், ஆட்சி மாறிய பிறகும் மாறவில்லை என்பதுதான் விசனிக்கத்தக்கது.

போலீசாருக்கும் கஷ்டம் இல்லையா என்று சிலர் கேட்கலாம். உண்டு. நாள் முழுதும் வெயிலிலும் புகையிலும் நிற்கிறார்கள். மேலதிகாரியிடம் ஏச்சு வாங்குகிறார்கள். மரியாதை தெரியாத பணக்காரப் பிள்ளைகளிடம் “நான் யார் தெரியுமா” என்ற மிரட்டலையும் கேட்கிறார்கள். ஆனால் மேலே இருப்பவன் உதைத்த உதையைக் கீழே இருப்பவனுக்குக் கொடுத்துக் கணக்குத் தீர்ப்பது ஜாதிக் கொடுமையின் புத்தியே தவிர உத்தியோகத்தின் கடமையாகாது.

இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியாது. அதே 2019ஆம் வருஷத் திருத்தத்தில் 210பி என்று ஒரு பிரிவு உண்டு. இச்சட்டத்தை நடத்தி வைக்கும் அதிகாரம் பெற்றவர்களே இச்சட்டத்தை மீறினால், அவர்களுக்கு இரட்டிப்புத் தண்டனை என்பது அது. அதாவது ஹெல்மெட் இல்லாமல் போகும் கொத்தனாருக்கு 1,000 ரூபாய் என்றால், ஹெல்மெட் இல்லாமல் போகும் போலீஸ்காரருக்கு 2,000 ரூபாய். 198ஏ என்று மற்றொரு பிரிவும் உண்டு. ரோட்டைச் சரியான அளவில் போடாமலும் பராமரிக்காமலும் விட்டதனால் சாவோ அங்கவீனமோ ஏற்பட்டால், பொறுப்புள்ள அதிகாரிக்கும் காண்டிராக்டருக்கும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் போடலாம் என்பது அது. ஏழையைப் பிடிக்கும் பிரிவுகள் ஒவ்வொரு முச்சந்தியிலும் நடமாடுகின்றன. அதிகாரியையும் காண்டிராக்டரையும் பிடிக்கும் பிரிவுகள் புஸ்தகத்தைவிட்டு எழுந்திருப்பதே இல்லை! குழியில் விழுந்தவனிடம் ஹெல்மெட் எங்கே என்று கேட்கிற சர்க்கார், குழி வெட்டியவனிடம் ரோடு எங்கே என்று கேட்கவேண்டாமா?

இவ்வளவும் சொல்லுவதால் மோட்டார் ஓட்டிகள் எல்லோரும் குற்றமற்றவர்கள் என்று நாம் சொல்லுவதாக யாரும் எண்ணிவிட வேண்டாம். 2022ஆம் வருஷத்தில் மாத்திரம் இந்தியாவில் ரோட்டு விபத்தில் மாண்டவர்கள் 1,68,491 பேர். தமிழ்நாட்டில் 64,105 விபத்துகள் நடந்தன. 17,884 பேர் மாண்டார்கள். விபத்துகளின் எண்ணிக்கையில் அந்த வருஷம் நம் நாடே முதலிடம் பெற்றது! அதே வருஷத்தில் இந்தியா முழுவதிலும் ஹெல்மெட் போடாமல் மாண்டவர்கள் 50,029 பேர். நன்றாகப் பொருந்தும் ஹெல்மெட் சாகும் அபாயத்தை 100க்கு 42 பங்கும், தலையில் அடிபடும் அபாயத்தை 100க்கு 69 பங்கும் குறைக்கிறது என்று பல நாட்டு ஆராய்ச்சிகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தவர்கள் கூறியிருக்கிறார்கள்.

நம் மக்கள் செய்வதென்ன? புது வண்டி வாங்கியவுடன் சக்கரத்தின் கீழ் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, கண்ணாடியில் சாமி படம் ஒட்டி, கைப்பிடியில் கறுப்புக் கயிறு கட்டுகிறார்கள். ஹெல்மெட்டைப் பெட்ரோல் டாங்கின் மேல் வைத்துக்கொண்டு, போலீஸ்காரர் தலை தெரிந்தவுடன் எடுத்து மாட்டுகிறார்கள். அவரைத் தாண்டியவுடன் கழற்றுகிறார்கள். மண்டை யாருடையது? போலீஸ்காரருடையதா? விபத்து நடந்தபின் “தலைவிதி” என்கிறார்கள். ரோட்டு விதியை மதிக்காதவனே தலைவிதியின்மேல் பழி போடுகிறவன். பிடிபட்டாலோ 1,000 ரூபாய்க்கு ரசீது வாங்குவதைவிட 200 ரூபாயை மடித்துக் கொடுப்பது லாபம் என்று கணக்குப் போடுகிறான். லஞ்சம் வாங்குகிறவனைத் திட்டுவதற்கு இவனுக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?

இக்காலத்தில் காமிரா வந்துவிட்டது. அதுவே அபராதச் சீட்டு அனுப்புகிறது. இதனால் லஞ்சம் குறையும், வசவு குறையும் என்ற அளவில் நாம் இதை வரவேற்கிறோம். காமிராவுக்கு ஜாதியும் தெரியாது, சட்டையும் தெரியாது. ஆனால் காமிரா இருக்குமிடத்தில் எச்சரிக்கைப் பலகை வைக்கவேண்டும் என்று 2021இல் சேர்க்கப்பட்ட 167ஏ விதி கூறுகிறது. சீட்டு வந்தால் அதிலுள்ள படத்தையும் நம்பரையும் தேதியையும் இடத்தையும் பார்த்து, தம் வண்டிதானா என்று தெரிந்துகொண்ட பிறகே கட்டவேண்டும். இயந்திரம் சொன்னது என்பதற்காக நம்புவதும் சாஸ்திரம் சொன்னது என்பதற்காக நம்புவதும் பகுத்தறிவுக்காரருக்கு அழகல்ல.

முடிவாக, சர்க்காரை நாம் கேட்டுக்கொள்ளுவது இவ்வளவே. சோதனை நடக்கும் ஒவ்வோரிடத்திலும் எந்தக் குற்றத்திற்கு எவ்வளவு அபராதம், ஓட்டுகிறவருக்கு என்ன உரிமை, புகார் எங்கே செய்வது என்பதைத் தமிழில் பெரிய எழுத்தில் எழுதி வைக்கவேண்டும். யாரையும் “நீங்கள்” என்று பேசவேண்டும் என்று போலீசாருக்குக் கண்டிப்பான உத்தரவிடவேண்டும். 210பி, 198ஏ பிரிவுகளின்படி வருஷத்திற்கு எத்தனை பேர் தண்டிக்கப்பட்டார்கள் என்ற கணக்கைப் பொதுஜனங்களுக்கு வெளியிடவேண்டும்.

மோட்டார் ஓட்டும் தோழர்களைக் கேட்டுக்கொள்ளுவதும் அதைவிடச் சிறியதே. நிறுத்தினால் நில்லுங்கள், கேட்டால் காட்டுங்கள், குற்றமிருந்தால் ரசீது பெற்றுக் கட்டுங்கள், இல்லையானால் கோர்ட்டுக்குப் போகத் தயங்காதீர்கள். போலீஸ்காரருக்காக அல்லாமல் உங்கள் மண்டைக்காக ஹெல்மெட் போடுங்கள். சட்டத்தை மீறாதவனுக்கே அதிகாரியின் முகத்தை நிமிர்ந்து பார்த்து, “எந்தப் பிரிவு?” என்று கேட்கும் தைரியம் வரும். அந்தத் தைரியம் பத்துப் பேருக்கு வந்துவிட்டால், பதினோராவது ஆளை “டேய்” என்று கூப்பிட எந்த நாக்கும் துணியாது.