பெயர் எங்களிடம், அணி உங்களிடம்

கூடைப்பந்து அணிகளின் முப்பது உரிமையாளர்களுக்கும் வணக்கம்.

என்னை உங்களுக்குத் தெரிந்திருக்க வழியில்லை. சியாட்டில் கீ அரீனாவின் மேல்தட்டில், கடைசிக்கு முந்தைய வரிசையில், பன்னிரண்டு பருவங்கள் உட்கார்ந்திருந்தவள் நான். அங்கிருந்து பார்த்தால் ஆட்டக்காரர்கள் விரல் நீளம்தான் தெரிவார்கள். ஆனால் நடையை வைத்தே யார் என்று சொல்லிவிடுவேன். கேரி பேட்டன் தாடையைத் தூக்கிக்கொண்டு நடப்பார், முழங்கால்கள் மடங்கி, எப்போது வேண்டுமானாலும் பாயத் தயாராக. 2008-இல் எங்கள் சூப்பர்சானிக்ஸ் அணி ஊரை விட்டுப் போன பிறகு அந்த இடத்துக்குப் போகவே எனக்கு மனசு வரவில்லை. இத்தனை வருடம் கழித்து இதை எழுதுகிறேன் என்றால், சியாட்டிலுக்கு மறுபடி ஓர் அணி தருவது பற்றி உங்கள் வட்டாரத்தில் பேச்சு அடிபடுகிறது என்பதால்தான். அதற்கு முன்னால் பழைய கணக்கைப் பேசிவிட வேண்டும்.

1995 நவம்பரில் திருச்சியிலிருந்து சியாட்டிலுக்கு வந்தேன். நாலரை மணிக்கே இருட்டிவிடும் மாதம். கணவர் மென்பொருள் வேலைக்குப் போய் இரவு ஒன்பதுக்குத்தான் திரும்புவார். சமையலறை ஜன்னலில் மழை, அடுப்பில் குக்கர், பக்கத்தில் ஒரு சின்ன ரேடியோ. அதில் கெவின் கலாப்ரோ என்பவரின் வர்ணனை. முதல் வாரம் ஒரு வார்த்தை புரியவில்லை. ஆனால் அந்தக் குரல் ஏறுவதும் இறங்குவதும் புரிந்தது. அமெரிக்க ஆங்கிலத்தை நான் பள்ளிக்கூடத்தில் படிக்கவில்லை, அவரிடம்தான் படித்தேன். பேட்டன் பந்தை வெறும் காற்றில் தூக்கிப் போடுவார், எங்கிருந்தோ ஷான் கெம்ப் எழும்பி வந்து அதை வளையத்துக்குள் அறைவார், கலாப்ரோவின் குரல் உடைந்துபோகும், நான் கரண்டியைக் கீழே போட்டுவிடுவேன். 2008-இல் அணி ஊரை விட்டுப் போனபோது அவர் கூடப் போகவில்லை. எங்களோடு நின்றுவிட்டார். அந்த நன்றி எனக்கு இன்றும் இருக்கிறது.

அந்தக் குளிர்காலத்திலேயே கணவரின் அலுவலக நண்பர் ஒருவர் ஒரு கேசட்டைக் கொடுத்தார். பேர்ல் ஜாம் குழுவின் 'டென்'. 1991 ஆகஸ்டில் வந்த ஆல்பம். உரக்கக் கத்துகிற பாட்டு நமக்கு ஒத்துவராது என்று நினைத்துத்தான் போட்டேன். எடி வெட்டரின் குரல் அடிவயிற்றிலிருந்து வந்தது. ஊரை விட்டு வந்தவளுக்கு அந்த ஆழம் தெரியும். ஒரே மாதத்தில் நாடா தேய்ந்து இழுக்க ஆரம்பித்துவிட்டது.

இசைக்குழுவையும் அணியையும் ஏன் சேர்த்துப் பேசுகிறாள் என்று கேட்பீர்கள். சேர்த்தது நானில்லை. 1990 அக்டோபரில் சியாட்டிலின் ஆஃப் ராம்ப் என்ற சின்ன விடுதியில் இந்தக் குழு முதல் கச்சேரி செய்தபோது அதன் பெயர் மூக்கி பிளேலாக். நியூ ஜெர்சி நெட்ஸ் அணிக்கு ஆடிக்கொண்டிருந்த ஒரு கூடைப்பந்து வீரரின் பெயர் அது. பேஸ் கிட்டார் வாசிக்கும் ஜெஃப் அமென்ட் கூடைப்பந்துப் பித்தர். பெரிய இசை நிறுவனத்தோடு ஒப்பந்தம் என்று வந்ததும் அடுத்தவர் பெயரை வைத்துக்கொள்ள முடியாமல் போயிற்று. பேர்ல் ஜாம் என்று மாற்றிக்கொண்டார்கள். ஆனாலும் பிளேலாக்கை விடவில்லை. அவருடைய சட்டை எண் 10. முதல் ஆல்பத்துக்கு 'டென்' என்று பெயர் வந்தது அப்படித்தான்.

இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருகிறேன்.

1996 ஜூன். எங்கள் சூப்பர்சானிக்ஸ் அந்தப் பருவத்தில் 64 ஆட்டம் ஜெயித்து இறுதிச் சுற்றுக்குப் போயிருந்தது. எதிரே 72 ஆட்டம் ஜெயித்த சிகாகோ புல்ஸ், மைக்கேல் ஜோர்டன். முதல் மூன்றையும் தோற்றோம். நான்காவதையும் ஐந்தாவதையும் கீ அரீனாவில் ஜெயித்தோம். இரண்டு ராத்திரியும் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் யாரும் தூங்கவில்லை. அதுவரை நான் முகம் பார்த்துப் பேசியிராத பக்கத்து வீட்டுப் பாட்டி கதவைத் தட்டி என்னைக் கட்டிக்கொண்டார். ஆறாவது ஆட்டத்தில் சிகாகோவில் தோற்றுப்போனோம். அடிபட்ட தோல்விதான், ஆனால் ஊரே சேர்ந்து தோற்றது. இந்த ஊரில் நானும் ஒருத்தி என்று எனக்கு முதலில் தோன்றியது ஜெயித்தபோது இல்லை, அன்றைக்குத்தான். இன்னொன்றும் சொல்ல வேண்டும். எங்கள் பாடகர் வெட்டர் பிறந்தது சிகாகோவை ஒட்டிய எவன்ஸ்டனில். புல்ஸின் டென்னிஸ் ராட்மன் அவருக்கு நண்பர். அதற்காக யாரும் அவர் மேல் கோபப்படவில்லை. பிறந்த ஊரை நேசிப்பவர் மேல் எப்படிக் கோபப்படுவது?

அதே கூரைக்கடியில் 2000 நவம்பர் 6 அன்று பேர்ல் ஜாம் கச்சேரி. அந்த ஜூன் 30 அன்று டென்மார்க்கின் ராஸ்கில்டு விழாவில் அவர்கள் வாசித்துக்கொண்டிருந்தபோது கூட்ட நெரிசலில் ஒன்பது இளைஞர்கள் இறந்துபோனார்கள். குழு கலைந்துவிடும் என்றே பேசிக்கொண்டார்கள். கலையவில்லை. ஆனால் 'அலைவ்' என்ற பாட்டை அதற்குப் பிறகு அவர்கள் மேடையில் தொடவில்லை. சுற்றுப்பயணத்தின் அந்தக் கடைசி இரவில், சொந்த ஊரில், அதன் முதல் கிட்டார் இழை கேட்டது. இரண்டு வயது மகனைத் தோழி வீட்டில் விட்டுவிட்டுப் போயிருந்தேன். கூடைக் கம்பங்களை அகற்றிவிட்டு, பேட்டன் ஓடிய அதே தரையில் நின்றுகொண்டிருந்தோம். பக்கத்தில் நின்ற முன்பின் தெரியாத ஒரு முரட்டு ஆள், தொப்பியைக் கழற்றி நெஞ்சோடு வைத்துக்கொண்டு அழுதார். யாரும் யாரையும் இடிக்கவில்லை. ஒவ்வொருவரும் முன்னால் நிற்பவருக்கு ஓரடி இடம் விட்டு நின்றோம்.

உங்களுக்கு இது ஒரு கட்டடம், வாடகை, சொகுசு அறைகளின் எண்ணிக்கை. 2006-இல் எங்கள் அணியையும், கூடவே பெண்கள் அணியான ஸ்டோர்மையும் சேர்த்து 35 கோடி டாலருக்கு உங்களில் சிலர் வாங்கினீர்கள். ஊரிலேயே வைத்துக்கொள்ள நல்லெண்ணத்தோடு முயல்வோம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டீர்கள். பிறகு, இந்த அரங்கம் உதவாது, பொதுப் பணத்தில் புது அரங்கம் வேண்டும் என்றீர்கள். ஏறத்தாழ 50 கோடி டாலர் திட்டம் அது. மாநிலச் சட்டமன்றம் ஒப்புக்கொள்ளவில்லை.

எங்களைக் கஞ்சர்கள் என்று பேசினார்கள். 1999-இல் பேஸ்பால் மைதானம், 2002-இல் அமெரிக்கக் கால்பந்து மைதானம், இரண்டுக்கும் பொதுப் பணம் கொட்டிக் கொடுத்த ஊர் இது. 2000-இல் வெடி வைத்துத் தகர்த்த கிங்டோம் அரங்கத்தின் கடனை, அது தரைமட்டமான பிறகும் 2015 வரை கட்டிக்கொண்டிருந்தோம். இல்லாத கட்டடத்துக்குத் தவணை கட்டியவர்கள் கேள்வி கேட்டால் அது கஞ்சத்தனமா?

உதவாது என்று நீங்கள் தள்ளிய கீ அரீனா இப்போது எங்கே இருக்கிறது தெரியுமா? அதே இடத்தில்தான். 1962 உலகக் கண்காட்சிக்காகப் போட்ட கூரையை அப்படியே தாங்கிப் பிடித்துக்கொண்டு அடியில் தோண்டி, பெரும்பாலும் தனியார் பணத்தில் புதுப்பித்து, 2021-இல் திறந்துவிட்டார்கள். முடியாத காரியமாக இருந்திருந்தால் எப்படி நடந்தது? அன்றைக்கு உங்களுக்கு மனசு இல்லை, அவ்வளவுதான். ஸ்டோர்ம் அணியை 2008-இல் சியாட்டில் பெண்கள் சிலர் சேர்ந்து வாங்கி ஊரிலேயே நிறுத்தினார்கள். அதற்குப் பிறகு அது 2010, 2018, 2020 என்று மூன்று முறை கோப்பை ஜெயித்திருக்கிறது. மனசு வைத்தவர்களுக்கு வழி கிடைத்தது.

எனக்கு ஆறாத விஷயம் அந்தக் கடைசிப் பருவம். 20 வெற்றி, 62 தோல்வி. அதிலும் ஒரு வெளிச்சம் இருந்தது: கெவின் டுராண்ட், பத்தொன்பது வயதுப் பிள்ளை, கொக்கு மாதிரி நெட்டையாக, கையில் பந்து வந்தால் யாராலும் தடுக்க முடியாது. என் மகனுக்கு அப்போது ஒன்பது முடிந்து பத்து ஓடிக்கொண்டிருந்தது. 35-ஆம் எண் பச்சைச் சட்டை வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றான். வாங்கிக் கொடுத்தேன். வளரும் பிள்ளை, அடுத்த வருஷமும் போடட்டும் என்று ஓர் அளவு பெரிதாக எடுத்தேன். போகப்போகிறோம் என்று தெரிந்துகொண்டே அந்தச் சட்டைகளை எங்கள் பிள்ளைகளுக்கு விற்றுக்கொண்டிருந்தீர்கள். வெள்ளை எண்ணின் ஓரம் இரண்டு சலவையில் உரிய ஆரம்பித்தது. அவன் பசை போட்டு ஒட்டினான்.

ஏப்ரல் 13 அன்று டல்லாஸோடு கடைசி உள்ளூர் ஆட்டம். 99-95 என்று ஜெயித்தோம். முடிந்த பிறகும் யாரும் எழுந்து போகவில்லை. காவலர்கள் விளக்கை அணைக்கத் தயங்கிக்கொண்டு நின்றார்கள். மோனோரயிலில் திரும்பும்போது மகன் கேட்டான்: "அம்மா, அடுத்த வருஷமும் நமக்கு அதே வரிசைதானே?" தெரியாது என்று சொல்லியிருக்கலாம். ஆமாம் என்றேன். பிள்ளையிடம் சொன்ன அந்தப் பொய் இன்றும் உறுத்துகிறது.

ஐந்தே நாளில், ஏப்ரல் 18 அன்று, நீங்கள் கூடி வாக்களித்தீர்கள். போகட்டும் என்று 28 பேர், வேண்டாம் என்று இரண்டு பேர். குத்தகை 2010 வரை இருந்ததால் நகரம் வழக்குப் போட்டது. ஆறு நாள் விசாரணை. அணியை வேறு ஊருக்குக் கொண்டுபோவது பற்றி நீங்கள் முன்கூட்டியே எழுதிக்கொண்ட மின்னஞ்சல்கள் வெளியே வந்தன. ஜூலை 2 அன்று, தீர்ப்பு வரச் சில மணி நேரம் இருக்கும்போது, 4.5 கோடி டாலருக்கு சமரசம் ஆனது. சூப்பர்சானிக்ஸ் என்ற பெயரும் பச்சை, மஞ்சள் வண்ணங்களும் சியாட்டிலுக்கு. ஆட்டக்காரர்கள், பந்துகள், ஒப்பந்தங்கள் எல்லாம் ஓக்லஹோமா சிட்டிக்கு.

பெயரைப் பற்றி அப்போது சொன்னேன் இல்லையா? அந்த பேர்ல் ஜாம் பையன்களிடமிருந்து பெயர் போனது, அவர்கள் இருந்தார்கள். ஓசைக்கு ஒன்றும் ஆகவில்லை, வேறு பெயரில் முப்பது வருடத்துக்கு மேல் வாசித்துவிட்டார்கள். எங்களிடம் நீங்கள் பெயரை மட்டும் கழற்றி வைத்துவிட்டுப் போனீர்கள். 1967-இல் அந்தப் பெயரை வைத்ததே இந்த ஊரில் போயிங் கட்டவிருந்த ஒலியை மிஞ்சும் விமானத்தை நினைத்து. 1971-இல் அந்த விமானத் திட்டம் கைவிடப்பட்டது. அப்போதும் அணி இருந்தது. 1979-இல் கோப்பையே வாங்கித் தந்தது. வண்ணத்தையும் பெயரையும் பெட்டியில் பூட்டி வைத்துக்கொண்டு என்ன செய்வது? உடையவர் போன பின் சட்டையை மடித்து வைப்பது மாதிரிதான்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். 2013-இல் சாக்ரமென்டோவின் கிங்ஸ் அணியை வாங்கி சியாட்டிலுக்குக் கொண்டுவரும் முயற்சி நடந்தது. செய்தி கேட்ட அன்றே பழைய சட்டையை எடுத்து இஸ்திரி போட்டேன். நீங்கள் 22-8 என்று மறுத்தபோது அழுதேன். ஒரு வாரம் கழித்துத்தான் புத்தியில் உறைத்தது: சாக்ரமென்டோவிலும் ஒரு பிள்ளை மோனோரயிலோ பேருந்தோ ஏறி, அடுத்த வருஷம் எந்த வரிசை என்று கேட்டிருக்குமே. எங்களுக்குச் செய்ததை இன்னொரு ஊருக்குச் செய்ய நான் தயாராக இருந்தேன். எங்களை அந்த நிலைக்குக் கொண்டுவந்து நிறுத்தியதற்காகவும் உங்கள் மேல் எனக்கு வருத்தம் உண்டு. ஓக்லஹோமா மக்கள் மேல் எனக்குக் கோபமே கிடையாது. 2025-இல் அவர்கள் கோப்பை வாங்கியபோது தெருவில் குதித்த பிள்ளைகளைத் தொலைக்காட்சியில் பார்த்தேன். அது நியாயமான சந்தோஷம்.

1994-இல் பேர்ல் ஜாமின் ஜெஃப் அமென்ட்டும் ஸ்டோன் கோஸார்டும் வாஷிங்டனில் நாடாளுமன்றக் குழு முன்னால் உட்கார்ந்து சாட்சி சொன்னார்கள். ரசிகர்களுக்கு டிக்கெட் 20 டாலருக்குள் கிடைக்க வேண்டும், டிக்கெட் விற்பவர்கள் சேர்க்கிற கட்டணத்துக்கு ஒரு வரம்பு வேண்டும் என்று கேட்டார்கள். தோற்றார்கள். மறு வருடம் டிக்கெட் விற்பனை பற்றிய விசாரணையை அரசு கைவிட்டது. ஆனால் எங்களுக்காக ஒரு நாற்காலியில் போய் உட்கார்ந்தார்கள். உங்கள் வாக்கெடுப்பு அறையில் எங்களுக்கு நாற்காலி இருந்ததா? நாற்பத்தொரு பருவங்கள் டிக்கெட் வாங்கியவர்கள் சார்பில் ஒருவர் பேசினாரா? கிரீன் பே நகரத்தின் அமெரிக்கக் கால்பந்து அணி 1923 முதல் ஊர் மக்கள் பங்கு வாங்கி நடத்துவது. அதை யாரும் லாரியில் ஏற்றிக்கொண்டு போக முடியாது. இப்படியும் ஓர் ஏற்பாடு இதே நாட்டில் இருக்கிறது.

மறுபடி எங்களுக்கு ஓர் அணி தருவதானால் தாருங்கள். இன்னோர் ஊரிடமிருந்து பறித்துத் தர வேண்டாம். நுழைவுக் கட்டணம் எத்தனை நூறு கோடி, முதல் ஆட்டக்காரர் யார் என்பதெல்லாம் அப்புறம். எத்தனை வருடக் குத்தகை, நடுவில் உடைத்தால் என்ன தண்டம், விற்பதானால் முதலில் நகரத்திடம் கேட்க வேண்டுமா வேண்டாமா, இவை மூன்றும் எழுத்தில் வேண்டும், எல்லோரும் படிக்கும்படி. என் மகனுக்கு இப்போது இருபத்தேழு தாண்டிவிட்டது. 35-ஆம் எண் சட்டை அலமாரியின் மேல்தட்டில் இருக்கிறது, அளவு பெரிதாக வாங்கியும் அடுத்த வருஷம் போடவே இல்லை. அந்தக் காகிதத்தைக் காட்டுங்கள். நானும் அவனும் உட்கார்ந்து கடைசி வரி வரை படித்துவிட்டு டிக்கெட் வாங்குகிறோம். மேல்தட்டு, கடைசிக்கு முந்தைய வரிசை.

இப்படிக்கு,
சூப்பர்சானிக்ஸ் ரசிகை, சியாட்டில்